எடை இறங்க மாட்டேங்குதே!

பழைய வட ஆற்காடு இன்று வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று நான்கு மாவட்டமாகிவிட்டது. அங்கிருந்து வரும் உடல் எடை பற்றிய கடிதங்களில் மட்டும் புலம்பல் ஒன்றுதான். சாப்பாட்டைக் குறைத்தாயிற்று, நடந்தாயிற்று, மெஷினில் எண் நகரவில்லை. இந்த இதழ் முழுக்க அந்தக் கடிதங்களுக்கே.

வயது 42, உயரம் 155 செ.மீ. இரண்டு மாதம் முன்பு 74 கிலோ. சோற்றைப் பாதியாக்கினேன், சர்க்கரையை நிறுத்தினேன், தினமும் கோட்டையில் முக்கால் மணி நேரம் நடக்கிறேன். முதல் பத்து நாளில் 2 கிலோ சட்டென்று இறங்கியது. அப்புறம் ஆறு வாரத்தில் 1.2 கிலோதான். ‘இவ்ளோ பண்ணியும் அப்படியேதான் இருக்கீங்க அண்ணி’ என்கிறாள் நாத்தனார். காலையில் செருப்பை மாட்டவே மனசு வரவில்லை.
– வாசகி, தோட்டப்பாளையம்

முதல் பத்து நாளில் போன 2 கிலோவில் பெரும்பங்கு தண்ணீர். சோற்றிலிருந்து வரும் மாவுச்சத்தை உடம்பு கிளைகோஜனாக மாற்றிக் கல்லீரலிலும் தசையிலும் சேர்த்து வைக்கிறது. ஒரு கிராம் கிளைகோஜனோடு ஏறத்தாழ 3 கிராம் தண்ணீர் ஒட்டியிருக்கும். சோறு பாதியானதும் அந்த இருப்பு இறங்கியது, கூடவே இருந்த தண்ணீரும் சிறுநீராகப் போனது. அது ஒருமுறைதான் நடக்கும். அந்த வேகத்தையே அளவுகோலாக வைத்துக்கொண்டு அடுத்த ஆறு வாரத்தைப் பார்ப்பதால்தான் இவ்வளவு சோர்வு.

அந்த ஆறு வாரத்தில் இறங்கிய 1.2 கிலோதான் நீங்கள் தேடிய கொழுப்பு. ஒரு கிலோ கொழுப்பு என்பது சுமார் 7,700 கலோரி. 1.2 கிலோவுக்கு 9,240. அதை 42 நாளால் வகுத்தால், நாளொன்றுக்குச் சராசரியாக 220 கலோரி பற்றாக்குறை உண்டாக்கியிருக்கிறீர்கள். முயற்சி வேலை செய்கிறது, வேகம்தான் கம்மி. வாரம் அரை கிலோ வேண்டுமென்றால் நாளுக்கு 500 கலோரிக்கு மேல் பற்றாக்குறை தேவை. மீதி எங்கே ஒழுகுகிறது என்று பார்க்கலாம்.

ஒரு பங்கு உடம்பே சிக்கனம் பிடிப்பதால் போகிறது. எடை குறைந்த உடம்பை நடத்த எரிபொருள் குறைவாகவே போதும். காலையில் முக்கால் மணி நேரம் நடந்துவிட்டோம் என்று பகலில் கூடுதலாக உட்கார்ந்துவிடுவதும் உண்டு, நமக்கே தெரியாது. இன்னொரு பங்கு எண்ணெய். சோற்றை அளக்கிறவர்கள்கூட எண்ணெயை அளப்பதில்லை. நான்கு பேர் உள்ள வீட்டில் மாதம் 5 லிட்டர் போகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு நாளொன்றுக்கு 42 மி.லி., அதாவது 340 கலோரி. அதை 3 லிட்டராக்கினால் ஆளுக்கு 25 மி.லி., 205 கலோரி. ஒரு பிடி சோறுகூடக் குறைக்காமல் 135 கலோரி மிச்சம்.

காலையில் 100 மி.லி. எண்ணெயை ஒரு சின்னக் கிண்ணத்தில் ஊற்றி அடுப்பருகே வையுங்கள். அன்றைக்கு நான்கு பேருக்கும் அவ்வளவுதான். முதல் வாரம் மதியத்துக்குள் கிண்ணம் காலியாகிவிடும். பெரும்பாலும் காரணம் கத்தரிக்காய். நம் முள்ளுக் கத்தரிக்காயின் சதை பஞ்சுபோல, உள்ளே காற்றறைகள். நேராக வாணலியில் போட்டால் ஊற்ற ஊற்றக் குடிக்கும். நான்காகக் கீறி, இட்லிப் பானையில் 5 நிமிடம் ஆவி காட்டி, பிறகு தாளிப்பில் போடுங்கள். காற்றறைகள் அமுங்கிவிடுவதால் 2 டேபிள்ஸ்பூன் கேட்ட காய் 2 டீஸ்பூனில் அடங்கும். பிள்ளைகள் தட்டில் விட்ட இட்லியையும் பொடி எண்ணெயையும் ‘வீணாகுதே’ என்று வாயில் போட்டுக்கொள்ளும் பழக்கம் இருந்தால் அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இனி மெஷின். காலையில் எழுந்து, கழிப்பறை போய்வந்து, தண்ணீர்கூடக் குடிக்காமல், ஒரே மாதிரி உடையில் ஏறி நில்லுங்கள். மெஷின் டைல்ஸ் தரையில் ஒரே இடத்தில் இருக்கட்டும். பாய், கம்பளம் மேல் வைத்தால் எண் தவறும். வந்த எண்ணைப் பால் கணக்கு எழுதுவதுபோல மாதக் காலண்டரில் எழுதி, ஞாயிற்றுக்கிழமை ஏழையும் கூட்டி ஏழால் வகுங்கள். இந்த வாரச் சராசரியைப் போன வாரச் சராசரியோடு மட்டும் ஒப்பிடுங்கள். தனி நாள் எண் 1 கிலோ மேலே கீழே ஆடும், அதற்கு அர்த்தம் கிடையாது. நான்கு வாரம் சராசரியும் நகரவில்லை, இடுப்புச் சுற்றளவும் நகரவில்லை என்றால்தான் தேக்கம் என்று பேச வேண்டும்.

உங்களுடையது தேக்கமே இல்லை. 74இல் 5 சதவீதம் 3.7 கிலோ. 3.2 இறங்கியாயிற்று, பாக்கி அரை கிலோ. 5 சதவீதம் குறைந்தாலே இரத்த அழுத்தமும் சர்க்கரையும் ட்ரைகிளிசரைடு என்ற இரத்தக் கொழுப்பும் இறங்கத் தொடங்கும். முழங்கால் வலி உள்ளவர்களிடம் பார்த்ததில், ஒரு கிலோ எடை குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முட்டியில் ஏறும் பாரம் ஏறத்தாழ 4 கிலோ குறைகிறது. 2002இல் வெளிவந்த அமெரிக்க நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், உணவும் நடையும் மாற்றியவர்கள் சராசரியாக இறக்கியது 5.6 கிலோதான். அவர்களுக்குச் சர்க்கரை நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. இங்கே சென்னையில் நடந்து 2006இல் வெளிவந்த ஆய்வு இன்னும் சுவாரசியம். சாப்பாட்டையும் நடையையும் திருத்திக்கொண்டவர்களுக்கு எடை பெரிதாக மாறவே இல்லை, ஆனாலும் நோய் வருவது 28.5 சதவீதம் குறைந்தது. நாத்தனார் கண்ணுக்கும் மெஷினுக்கும் தெரியாத பலன் அது.

மனசு வராத காலைகளுக்கு ஒரு ஏற்பாடு. ‘இந்த மாதம் 2 கிலோ’ என்ற இலக்கு உங்கள் கையில் இல்லை. ‘வாரம் ஐந்து நாள் நடப்பேன், எண்ணெய் 100 மி.லி. தாண்டாது’ என்பது கையில் இருக்கிறது. காலண்டரில் அதற்கும் ஒரு டிக் போடுங்கள். அதோடு ‘குறைந்தபட்சம்’ ஒன்றை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். மழையோ, தலைவலியோ, விருந்தாளியோ, அன்று வீட்டுக்குள்ளேயே 10 நிமிடம் நடந்தால் போதும், டிக் விழும். நாத்தனாருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். இரத்த அழுத்த அட்டையைக் கையில் கொடுத்துவிட்டு டீ போடப் போங்கள்.

மூன்று மாதமாகக் காலையிலும் ராத்திரியும் கேழ்வரகுக் களிதான். சோறு மதியம் மட்டும். களி சாப்பிட்டால் இளைக்கும் என்றார்கள். எனக்கு ஒரு கிலோகூட இறங்கவில்லையே, களி ஒத்துக்கொள்ளவில்லையா?
– வாசகர், குடியாத்தம்

களி ஒத்துக்கொண்டிருக்கிறது, உருண்டையின் அளவுதான் ஒத்துவரவில்லை. 100 கிராம் கேழ்வரகு மாவில் சுமார் 320 கலோரி, 100 கிராம் அரிசியில் சுமார் 350. வித்தியாசம் அவ்வளவுதான். ஒரு பெரிய உருண்டைக்கு மாவு 100 கிராம், நொய் 30 கிராம் போனால் 425 கலோரி. இரண்டு வேளைக்கு 850. வேர்க்கடலைச் சட்னி தொட்டுக்கொண்டால் அதிலிருக்கும் 30 கிராம் கடலை மட்டும் 170. கழனிக்குப் போய் நாள் முழுக்க ஏர் ஓட்டியவர்கள் சாப்பிட்ட அளவை, கடையில் கல்லாவில் உட்கார்ந்துகொண்டு சாப்பிட்டால் எப்படி இளைக்கும்?

கேழ்வரகின் பெருமை வேறு. நார்ச்சத்து தீட்டிய அரிசியைவிடப் பல மடங்கு, 100 கிராமில் 300 மி.கி.க்கு மேல் கால்சியம். அதற்காகவே தொடருங்கள், பங்கை மட்டும் மாற்றுங்கள். ஆளுக்கு 50 கிராம் மாவு, 10 கிராம் நொய். உருண்டை ஆரஞ்சுப் பழ அளவுக்கு வரும். பக்கத்தில் ஒரு பெரிய கிண்ணம் கீரைக் கடைசல், பருப்பு சேர்த்து. ஒரு அவித்த முட்டை, அல்லது 50 கிராம் காய்ந்த கொண்டைக்கடலையை ஊறவைத்து அவித்த சுண்டல். முட்டையில் 6 கிராம் புரதம், சுண்டலில் சுமார் 10. புரதம் இல்லாமல் களியை மட்டும் குறைத்தால் பதினொரு மணிக்குப் பசிக்கும், டீக்கடையில் இரண்டு மசால் வடையில் முடியும். மூன்று மாத முயற்சிகள் பலவும் உடைகிற இடம் அந்தப் பதினொரு மணிதான்.

மாவை ஒரு வாரம் தராசில் நிறுத்துப் போடுங்கள். கைக்கணக்கு தானாகப் பழகிவிடும். களிக்குக் கருவாட்டுக் குழம்பு வைத்த மறுநாள் எடை ஏறித் தெரியும். அது உப்பு பிடித்து வைத்த தண்ணீர், பயப்பட வேண்டாம்.

ஷூ கம்பெனியில் தையல் மெஷின் வேலை. வயது 27. திங்கட்கிழமை 63.2 கிலோ, புதன்கிழமை 64.8. சாப்பாட்டைக் குறைத்தும் ஏறுகிறதே என்று எடை மெஷின் மேலேயே அழுதுவிட்டேன். மாதவிலக்கும் ஒழுங்காக வராது, நீர்க்கட்டி என்றார்கள்.
– வாசகி, ஆம்பூர்

சகோதரி, இரண்டு நாளில் 1.6 கிலோ கொழுப்பு சேர வேண்டுமென்றால் உங்கள் வழக்கமான சாப்பாட்டுக்கு மேல் 12,000 கலோரிக்கு மேல் சாப்பிட்டிருக்க வேண்டும். யாராலும் முடியாது. அது தண்ணீர், உப்பு, குடலில் இருக்கும் உணவு. மாதவிலக்குக்கு முந்தைய நாட்களில் ஒன்றிரண்டு கிலோ ஏறி, விலக்கு வந்த சில நாளில் இறங்குவது பலருக்கும் வழக்கம். புதிதாக உடற்பயிற்சி தொடங்கினாலும் தசைகள் தண்ணீர் பிடித்து வைக்கும், முதல் இரண்டு மூன்று வாரம் எண் மேலே போகலாம்.

மெஷின் உங்களை அழவைக்கிறது என்றால் தினமும் ஏற வேண்டாம். வாரம் ஒருமுறை, வெள்ளிக்கிழமை காலை போதும். ஞாயிறு பிரியாணிக்கு மறுநாள் திங்கட்கிழமை அந்தப் பக்கமே போகாதீர்கள். மாதவிலக்கு முறையாக வருகிறவர்கள் இந்த மாதம் விலக்கு முடிந்த மூன்றாம் நாளைப் போன மாதத்தின் அதே நாளோடு ஒப்பிடலாம். உங்களுக்கு அது ஒத்துவராது, அதனால் இஞ்ச் டேப்பை நம்புங்கள். கடைசி விலா எலும்பின் அடியையும் இடுப்பு எலும்பின் மேல்முனையையும் விரலால் தடவிக் கண்டுபிடித்து, இரண்டுக்கும் நடுவில் டேப்பைச் சுற்றுங்கள். துணி மேல் வேண்டாம். இயல்பாக மூச்சை விட்ட நிலையில் பாருங்கள், வயிற்றை எக்க வேண்டாம். மூன்று முறை அளந்து நடு எண்ணை எழுதுங்கள். 15 நாளுக்கு ஒருமுறை போதும். நம் நாட்டுப் பெண்களுக்கு 80 செ.மீ., ஆண்களுக்கு 90 செ.மீ. எல்லை. எடை அசையாத மாதத்தில் இடுப்பு 2 செ.மீ. இறங்கியிருந்தால் அந்த மாதம் வீணாகவில்லை.

நீர்க்கட்டிப் பிரச்சினையில் 5 சதவீத எடைக் குறைவே, அதாவது உங்களுக்கு 3 கிலோ சுமார், பலருக்கு மாதவிலக்கை ஒழுங்குக்குக் கொண்டுவருகிறது. மூன்று மாதத்துக்கு மேல் விலக்கு வராமல் இருந்தால் எடை குறையட்டும் என்று காத்திருக்காமல் மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள்.

பிரியாணியை விடச் சொல்லவில்லை. ஆம்பூரில் இருந்துகொண்டு அப்படிச் சொன்னால் யார் கேட்பார்கள்? அரைத் தட்டு சோறு, கறி முழுசாக, வெங்காயத் தயிர்ப் பச்சடி இரண்டு மடங்கு. தொட்டுக்கொள்ளும் கத்தரிக்காயில் மிதக்கும் எண்ணெயை மட்டும் ஒதுக்கிவிடுங்கள்.

கல்லூரி ஹாஸ்டலில் இருக்கிறேன். இரண்டு மாதம் கட்டுப்பாடாக இருந்து, அக்கா கல்யாணத்தில் நான்கு நாள் எல்லாம் போச்சு. 1.8 கிலோ ஏறிவிட்டது. இனி எதற்கு என்று விட்டுவிட்டேன்.
– வாசகர், காட்பாடி

தம்பி, கல்யாணம் உங்களைக் கெடுக்கவில்லை. ‘இனி எதற்கு’ என்ற எண்ணம்தான் கெடுக்கிறது. ஒரு பந்தியில் தாராளமாகச் சாப்பிட்டு, மக்கன் பேடா இரண்டு சேர்த்தாலும், ஒரு நாளில் வழக்கத்தைவிட 1,000 கலோரி கூடியிருக்கலாம். நான்கு நாளுக்கு 4,000. கொழுப்பாக அரை கிலோ. மீதி 1.3 கிலோ தண்ணீர், வழக்கச் சாப்பாட்டுக்குத் திரும்பிய ஒரு வாரத்தில் போய்விடும். பழைய வழிக்குத் திரும்ப அடுத்த திங்கட்கிழமையோ ஒன்றாம் தேதியோ வேண்டாம், அடுத்த வேளைச் சாப்பாடு போதும். ஈடுகட்ட வேண்டி நாஷ்டாவை விடாதீர்கள், ராத்திரி மெஸ்ஸில் இரட்டிப்பாகத் திரும்பும்.

வயது 58. சர்க்கரைக்கு கிளிமிபிரைடு மாத்திரையும் இன்சுலினும் உண்டு. எடை குறைக்க வெறும் வயிற்றில் நடந்தால் நல்லது என்று பாலாற்றங்கரையில் விடியற்காலை நடந்தேன். இரண்டு தடவை கை நடுங்கி வேர்த்துக் கொட்டியது. பயந்து நிறுத்திவிட்டேன். எடையும் இறங்கவில்லை.
– வாசகர், ஆற்காடு

ஐயா, நிறுத்தியது சரி. அந்த நடுக்கமும் வேர்வையும் சர்க்கரை தாழ்ந்ததன் அறிகுறிகள். கிளிமிபிரைடும் இன்சுலினும் சாப்பாடு வந்தாலும் வராவிட்டாலும் சர்க்கரையை இறக்கிக்கொண்டே இருப்பவை. உணவைக் குறைத்துவிட்டு அதே அளவு மருந்தைத் தொடர்ந்தால் இப்படி ஆகும். தாழ்ந்து போகுமோ என்ற பயத்தில் அடிக்கடி ஏதாவது சாப்பிடுவோம், எடை இறங்காததற்கு அதுவும் ஒரு காரணம். இந்த இரண்டு மருந்துகளுக்கும் எடையைச் சற்றுக் கூட்டும் குணமும் உண்டு. உங்கள் ஒழுக்கக் குறை என்று நினைக்க வேண்டாம்.

மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். ‘சாப்பாட்டைக் குறைத்திருக்கிறேன், நடக்கிறேன், இரண்டு முறை தாழ்ந்தது’ என்று மருத்துவரிடம் சொல்லி அளவைத் திருத்தச் சொல்லுங்கள். எடை கூட்டாத மருந்துக்கு மாற்ற முடியுமா என்றும் கேட்கலாம். அதுவரை நாஷ்டா முடித்து ஒரு மணி நேரம் கழித்து நடங்கள். புறப்படுமுன் விரல் நுனியில் குத்திச் சர்க்கரை பாருங்கள். 100க்குக் கீழே இருந்தால் இரண்டு பிஸ்கட்டோ ஒரு வாழைப்பழமோ சாப்பிட்டுவிட்டுப் போங்கள். சட்டைப் பையில் குளுக்கோஸ் பவுடர் கட்டாயம். நடுக்கம் வந்தால் உட்கார்ந்து 3 டீஸ்பூன், அதாவது 15 கிராம், தண்ணீரில் கலந்து குடியுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். 70க்கு மேல் வரவில்லையென்றால் இன்னொரு முறை. செருப்பில்லாமல் மணலில் நடப்பதை மறந்துவிடுங்கள். காலில் உணர்ச்சி குறைந்திருந்தால் முள் குத்தியதே தெரியாது.

ஒரே மாதத்தில் 10 கிலோ குறையும் என்று ஒரு பவுடர் விற்கிறார்கள். வாங்கலாமா?
– வாசகி, வாணியம்பாடி

10 கிலோ கொழுப்பு 77,000 கலோரி. 30 நாளால் வகுத்தால் நாளுக்கு 2,560க்கு மேல். வீட்டு வேலை செய்யும் பெரும்பாலான பெண்கள் ஒரு நாள் முழுவதும் செலவழிப்பதே அவ்வளவு இருக்காது. ஒன்றுமே சாப்பிடாமல் கிடந்தாலும் நடக்காத கணக்கு. வாரத்துக்கு ஒன்றரை கிலோவுக்கு மேல் தொடர்ந்து இறங்கினால் பித்தப்பையில் கல் சேரும் ஆபத்தும் உண்டு. வாங்க வேண்டாம்.

தைராய்டு இருப்பதால்தான் எனக்கு எடை குறையவில்லை என்று நினைக்கிறேன். வேலூர் வெயிலில் நடக்கவும் முடியவில்லை. என்ன செய்யலாம்?
– வாசகி, சத்துவாச்சாரி

தைராய்டு அளவைக் காட்டும் டிஎஸ்எச் இரத்தப் பரிசோதனை செய்து, மாத்திரை அளவு சரியாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டு, காபிக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் பொறுக்க வேண்டும். கால்சியம், இரும்பு மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி. தைராய்டு குறைவால் ஏறும் எடை பெரும்பாலும் இரண்டிலிருந்து நான்கு கிலோதான், அதிலும் பாதிக்கு மேல் உப்பும் தண்ணீரும். எண் சரியான பிறகும் 15 கிலோ கூடுதலாக இருந்தால், பழியைத் தைராய்டின் மேல் முழுசாகப் போட முடியாது.

வெயில் காலத்தில் ஆறரை மணிக்குள் நடையை முடியுங்கள். முடியாவிட்டால் மூன்று வேளையும் சாப்பிட்ட பிறகு வீட்டுக்குள் பத்துப் பத்து நிமிடம். சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரைக்கு இது தனி நன்மை. வாரம் இரண்டு நாள் தசைக்கு வேலை கொடுங்கள். கைப்பிடி இல்லாத நாற்காலியில் உட்கார்ந்து எழுவது 10 முறை, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது 10 முறை, ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தோளுக்கு மேல் தூக்குவது 10 முறை. ஒரு நிமிடம் ஓய்வு விட்டு இன்னும் இரண்டு சுற்று. முட்டி வலித்தால் நாற்காலியில் ஒரு தலையணை போட்டு உயரத்தைக் கூட்டுங்கள். எடை இறங்கும்போது கொழுப்போடு தசையும் கரையும். அதைத் தடுக்கப் பயிற்சியும் புரதமும்தான் வழி.

மெஷினைத் தவிர முன்னேற்றத்தைக் காட்ட ஒன்று வேண்டுமென்றால், சோளிங்கர் மலை இருக்கிறது. 1,305 படி. ரோப்கார் வந்துவிட்டாலும் அடிவாரத்திலிருந்து விடிகாலையில் ஏறி, எத்தனையாவது படியில் முதல் முறை உட்கார்ந்தீர்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். மூன்று மாதம் கழித்து மறுபடி ஏறிப் பாருங்கள். நெஞ்சு வலியோ அதிக மூச்சிரைப்போ உள்ளவர்கள் இதை மருத்துவரைக் கேட்காமல் செய்ய வேண்டாம். குரங்குகள் உண்டு, கையில் பை தெரிய வேண்டாம்.